தபாலில் வரும் கையெழுத்து: ஓய்வுபெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு எழுதுவது எப்படி?

தபால் பெட்டியைத் திறந்தால், உங்கள் கையெழுத்திலேயே உங்கள் முகவரி எழுதிய கவர் ஒன்று கிடக்கும். நமக்கு நாமே ஏன் கடிதம் போட்டுக்கொண்டோம் என்று ஒரு நொடி குழம்புவோம். அப்புறம்தான் ஞாபகம் வரும். மூன்று மாதத்துக்கு முன்னால் எண்பத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் அது. பிரித்தால் உள்ளே அவர் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் கார்டு ஒன்று, அதன் மேல் நீல மையில் அவர் பெயர்.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் பொழுதுபோக்கு இது. மைதான வாசலில் முண்டியடிக்க வேண்டியதில்லை, ஏலத்தில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு கடிதம், ஒரு கார்டு, திரும்பி வருவதற்கு ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு கவர், அவ்வளவுதான். நான் ஒஹாயோவுக்கு வந்த புதிதில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் ஐந்து டாலருக்கு ஒரு ஷூ பெட்டி நிறைய கார்டு வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தொடங்கியதுதான். முதல் ஆறு மாதம் நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

யாருக்கு எழுதுவது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் பெரிய பெயர்களைத்தான் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான். தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஒரே வாரத்தில் எழுதிப் போட்டேன். இரண்டு கவர் திறக்காமலே திரும்பி வந்தன. ஒன்றில் கட்டண விவரம் அச்சடித்த துண்டுச் சீட்டு வந்தது. மற்றவை போன இடம் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் கட்டுக் கட்டாகத் தபால் வந்தால் யாராக இருந்தாலும் அலுத்துப்போகும்.

1870-களிலிருந்து இன்றுவரை பெரிய லீகுகளில் ஆடியவர்கள் மொத்தம் ஏறத்தாழ 23,000 பேர். அதில் ஹால் ஆஃப் ஃபேம்வரை போனவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் யார்? மூன்று சீசன் ஆடிவிட்டு ஊருக்குப் போய் இன்ஷூரன்ஸ் விற்றவர்கள், பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளரானவர்கள், பண்ணையைப் பார்த்துக்கொண்டவர்கள். ஓரிரு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களும் உண்டு. ‘ஒரு கப் காப்பி குடிக்கிற நேரம் மட்டும் மேலே இருந்தார்’ என்று பேஸ்பால் வட்டாரத்தில் அவர்களைப் பற்றிச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கப்போகிறவர்கள் இவர்கள்தான். 1960-களிலும் 70-களிலும் ஆடிய, எழுபது எண்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள்.

பெரிய ஆட்டக்காரர்களில் விதிவிலக்குகள் இருந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கிளீவ்லண்டின் பாப் ஃபெல்லர் 266 வெற்றி பெற்ற பிட்சர், அதாவது பந்து எறிபவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போய் ஏறத்தாழ நான்கு சீசனை இழந்தவர். 2010-ல், 92 வயதில் இறக்கும் காலம்வரை கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அவர் கையெழுத்துப் போடாத பந்துதான் அபூர்வம் என்று சேகரிப்பவர்கள் கிண்டல் செய்யும் அளவுக்குப் போட்டார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பிட்சர் கார்ல் எர்ஸ்கின் இன்னொருவர். பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1953-ல் ஓர் ஆட்டத்தில் 14 பேரை அடிக்கவிடாமல் ‘ஸ்டிரைக் அவுட்’ செய்தவர், 2024-ல் 97 வயதில் மறைந்தார். தபாலில் கேட்டவர்களுக்கு அவர் எவ்வளவு தாராளமாக இருந்தார் என்பதைச் சேகரிப்பவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

எழுதும் முன் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் இதில் தவறினால் கவரைப் பிரிப்பது அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கும். ‘பேஸ்பால் ரெஃபரன்ஸ்’ தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பக்கத்திலும் பிறந்த தேதியோடு இறந்த தேதியும் இருக்கும். தபாலில் போடும் நாளன்று காலையில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

எதை அனுப்புவது?

கார்டுதான் நல்லது. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம், எடை இரண்டு கிராமுக்கும் கீழே. சாதாரணக் கவரில் அடங்கிவிடும்.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கார்டு கம்பெனிகள் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளின. டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் அந்தக் காலத்துக் கார்டுகள் இன்றும் பெட்டி பெட்டியாக, சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. விலை இல்லாத அந்தக் கார்டுகள் நமக்கு வரப்பிரசாதம். மரப்பலகை நிறத்தில் ஓரம் வைத்த 1987 டாப்ஸ் கார்டில் நீல மை எடுப்பாகத் தெரியும்.

60-களில் ஆடியவருக்கு 1987 கார்டு எங்கிருந்து வரும்? இங்கேதான் ஒரு வழி இருக்கிறது. ஆடி முடித்தவர்களில் சிலர் பிறகு அணியை வழிநடத்தும் மேனேஜர் ஆனார்கள். அந்த வருடத்து டாப்ஸ் தொகுப்பில் மேனேஜர்களுக்கும் கார்டு உண்டு. அதோடு பசிஃபிக் கம்பெனி 1988 முதல் 1990 வரை பழைய ஆட்டக்காரர்களுக்கென்றே ‘லெஜண்ட்ஸ்’ என்ற தொகுப்பைப் போட்டது. டாப்ஸும் தன் 1953 கார்டுகளை 1991-ல் மறு அச்சாக வெளியிட்டது. அசல் 1953 கார்டைத் தபாலில் அனுப்ப மனசு வராது. மறு அச்சு என்றால் கவலையில்லை.

அனுப்புகிற பொருள் திரும்ப வராமலே போகலாம். ‘இது போனால் போகட்டும்’ என்று உங்களால் சொல்ல முடிகிற கார்டை மட்டும் அனுப்புங்கள். தாத்தா கொடுத்தது, ஊரெல்லாம் தேடி வாங்கியது, இதெல்லாம் ஆல்பத்திலேயே இருக்கட்டும்.

கார்டே கிடைக்கவில்லையா? மூன்றுக்கு ஐந்து அங்குலத்தில் கோடு போடாத வெள்ளைக் குறிப்பட்டை போதும். பழைய சேகரிப்பாளர்கள் பலர் கார்டைவிட அதைத்தான் விரும்புவார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து தனியாக நிற்கும்.

எத்தனை அனுப்பலாம்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரே ஆளின் கார்டு ஐந்து போனால் இவன் விற்கப்போகிறான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அப்படி நினைத்தால் தப்பும் இல்லை.

பளபளப்பான கார்டில் மட்டும் கவனம் வேண்டும். 1991-ல் வந்த டாப்ஸ் ஸ்டேடியம் கிளப் மாதிரி மேலே வழவழப்புப் பூச்சு போட்ட கார்டுகளில் மை பிடிக்காது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், விரல் பட்டால் இழுத்துக்கொண்டு போகும். என் முதல் ஸ்டேடியம் கிளப் கார்டு திரும்பி வந்தபோது பெயர் இருந்த இடத்தில் ஒரு நீல மேகம்தான் இருந்தது. வேலை சுலபம். பஞ்சில் துளி குழந்தைப் பவுடர் தொட்டு, கையெழுத்து வரவேண்டிய இடத்தில் லேசாகத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். அதே தொகுப்பில் யாருக்கும் வேண்டாத ஒரு கார்டில் முதலில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனா வைக்க வேண்டாம். கவர் புடைத்துக்கொள்ளும், தபால் இயந்திரத்தில் சிக்கும். எந்தப் பழைய ஆட்டக்காரர் வீட்டிலும் ஒரு ஷார்ப்பி மார்க்கர் பேனா கிடக்கும்.

கடிதம்

மற்ற எதில் தவறினாலும் சமாளித்துவிடலாம், கடிதத்தில் தவறினால் முடியாது. கையால் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், முக்கால் பக்கம் இன்னும் நல்லது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், படிக்கப்போகிறவருக்கு வயதாகிவிட்டது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், இலக்கணம் முன்னே பின்னே இருந்தால் யாரும் மார்க் போடப்போவதில்லை. தொடக்கத்தில் ‘மிஸ்டர்’ போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். அமெரிக்காவில் எல்லோரும் எல்லோரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, முன்பின் தெரியாத எண்பது வயதுக்காரரை ‘ஹாய் பாப்’ என்று அழைக்காதீர்கள். அதற்காக நம் ஊர் மனு மாதிரி ‘பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு’ என்று வணங்கவும் வேண்டாம்.

என் முதல் இருபது கடிதங்களையும் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி அடித்து, பெயரை மட்டும் மாற்றினேன். ‘நான் உங்கள் தீவிர ரசிகன், உங்கள் ஆட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்.’ ஒருவருக்கு மட்டும் பெயரை மாற்ற மறந்து, வேறு ஒரு பிட்சரின் பெயரோடு போய்விட்டது. அவர் கார்டைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினார். கடிதத்தில் அந்தத் தப்பான பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது எழுத உட்காரும் முன் அரை மணி நேரம் அவரைப் பற்றிப் படிக்கிறேன். அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகம், சுருக்கமாக ‘சேபர்’, 1971-ல் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதில் ஏதாவது ஒன்று கண்ணில் படும்: முதல் ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) யாருடைய பந்தில் அடித்தார், பெரிய லீகுக்குக் கீழே உள்ள எந்த ஊர் மைனர் லீகில் பேருந்தில் அலைந்தார், எந்தக் காயத்தால் ஆட்டம் முடிந்தது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு கேட்சருக்கு நான் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

‘அன்புள்ள மிஸ்டர் ———, நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கேட்சர் என்றால் எங்கள் ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் மைதானத்தில் உட்கார்ந்து ஒன்பது இன்னிங்ஸும் கேட்சரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை குந்துகிறார், எழுந்திருக்கிறார் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். நீங்கள் ஒரே நாளில் இரண்டு ஆட்டத்துக்குக் கேட்சராக இருந்ததைப் படித்தேன். மறுநாள் எப்படி எழுந்து நடந்தீர்கள்? இத்துடன் உள்ள கார்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை, படித்ததற்கு நன்றி.’

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. கார்டில் கையெழுத்து. கூடவே நான் சும்மா வைத்திருந்த குறிப்பட்டையில் நடுங்கும் எழுத்தில் இரண்டு வரி: ‘மறுநாள் நடக்கவில்லை. இப்போது இரண்டு முட்டியும் புதிது, நன்றாக நடக்கிறேன்.’ என் ஆல்பத்தில் அந்தக் குறிப்பட்டைதான் முதல் பக்கம்.

நோயைச் சொல்லி, ஏழ்மையைச் சொல்லி, இல்லாத பேரனைச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது வருடமாகக் கடிதம் படித்தவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கார்டில் உங்கள் பெயரையும் போட்டுத் தர வேண்டுமானால், சின்ன மஞ்சள் ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கார்டின் உறை மேல் ஒட்டுங்கள். நம் பெயர்களை அவர்கள் காதால் கேட்டதே இல்லை. முழுப் பெயரை எழுதிப் பார்த்தேன், ஆறு விதமாக வந்தது. இப்போது நான்கு எழுத்தில் சுருக்கிக்கொண்டேன். கேட்காமலே பெயர் போட்டுத் தருபவர்களும் உண்டு, பெயர் இருந்தால் விற்க முடியாது என்பதற்காக. விற்காதவருக்கு அதனால் என்ன நஷ்டம்?

கவர் கட்டும் முறை

இரண்டு கவர் வேண்டும், இரண்டும் அமெரிக்காவில் ‘நம்பர் 10’ என்று சொல்லும் நீளமான அலுவலகக் கவர்.

முதலில் திரும்பி வரும் கவர். அதில் பெறுநர் இடத்தில் உங்கள் முகவரி, அனுப்புநர் மூலையிலும் உங்கள் முகவரியே. அப்போதுதான் வழியில் ஏதாவது ஆனாலும் உங்களிடமே வந்து சேரும், அவர் முகவரியும் வெளியே தெரியாது. ‘ஃபாரெவர்’ ஸ்டாம்ப் ஒன்றை ஒட்டுங்கள். 2007-ல் அறிமுகமான ஸ்டாம்ப் இது. விலை எத்தனை ஏறினாலும் ஒரு அவுன்ஸ் கடிதத்துக்கு எப்போதும் செல்லும். 2025 ஜூலையில் அதன் விலை 78 சென்ட் ஆனது. மூன்று வருடம் கழித்து வருகிற பதில்கூட இந்த ஸ்டாம்பால்தான் வீடு வந்து சேர்கிறது. கவரின் உள்மடிப்பில் அந்த ஆட்டக்காரரின் பெயரைப் பென்சிலால் சின்னதாக எழுதிவையுங்கள். சிலர் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும், யாருடையது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்காது.

அந்தக் கவரை மூன்றாக மடியுங்கள். கார்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடிதத்தின் மடிப்புக்குள் வையுங்கள். கார்டைப் பாதி வெளியே இழுத்துவைத்தால் நடுங்கும் விரல்களுக்கு உதவியாக இருக்கும். டேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் தட்டும் வேண்டாம். வளையாத கவர் இயந்திரத்தில் போகாது, அதற்குத் தபால் துறை கூடுதல் கட்டணம் வாங்கும். வளைந்து கொடுக்கிற மெல்லிய அட்டைத் துண்டு ஒன்று போதும். எல்லாவற்றையும் வெளிக்கவரில் போட்டுச் சமையலறைத் தராசில் வையுங்கள். 28 கிராமுக்குள் இருந்தால் ஒரு ஸ்டாம்ப்.

ஆக, ஒரு கடிதத்துக்கு இரண்டு ஸ்டாம்ப், அந்த விலையில் ஒரு டாலர் 56 சென்ட். பத்துக் கடிதத்துக்குப் பதினாறு டாலருக்கும் உள்ளே. திரும்பும் கவரில் ஸ்டாம்ப் ஒட்ட மறந்து நான் அனுப்பியவை மூன்று. அதில் ஒருவர் தன் கைக்காசில் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருந்தார். இப்போது கவரை மூடும் முன் விரல் விட்டு எண்ணுகிறேன்: கடிதம், கார்டு, கவர், ஸ்டாம்ப்.

முகவரி

ஆட்டக்காரர்களின் முகவரிப் பட்டியல்களைச் சேகரிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்துவருகிறார்கள். யார் எத்தனை நாளில் பதில் போட்டார் என்று உறுப்பினர்கள் பதிந்துவைக்கும் கட்டணத் தளங்களும் உண்டு. தொடங்குபவர்களுக்கு ஒரு வருடச் சந்தா கட்டுவது லாபம்தான், வீணாகும் ஸ்டாம்பில் அந்தக் காசு வந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகவோ வர்ணனையாளராகவோ இருப்பவர்களுக்கு அந்த அணியின் முகவரிக்கே எழுதலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அணிகள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாமில் இருக்கும். அப்போது முகாம் முகவரிக்குப் போடுகிற தபாலுக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு கூடுதல்.

கிடைத்த முகவரியைப் பொதுவெளியில் போடாதீர்கள். வீட்டுக் கதவைப் போய்த் தட்டாதீர்கள், ‘அந்த வழியாகப் போனேன்’ என்ற சாக்கு செல்லாது. தொலைபேசி எண் கண்ணில் பட்டாலும் மறந்துவிடுங்கள். தபால் என்பது அவர் தனக்கு வசதிப்பட்டபோது திறந்து பார்க்கிற ஒன்று. வாசல் மணி அப்படி இல்லை. ‘உடம்பு முடியவில்லை, இனி எழுத வேண்டாம்’ என்று குடும்பத்தார் சொன்னதாகச் செய்தி வந்தால் அந்தப் பெயரை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

பணம் கேட்டால்?

சிலர் ஐந்து, பத்து டாலர் கேட்பார்கள். தங்களுக்காக அல்லாமல் ஏதாவது அறக்கட்டளைக்குக் கேட்பவர்களும் உண்டு. ‘பேஸ்பால் ஆடிச் சம்பாதித்தவர் ஐந்து டாலருக்கு அலைகிறாரே’ என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. 1980-க்கு முன்னால் ஆடியவர்களுக்கு நான்கு வருடம் முழுசாகப் பணிக்காலம் இருந்தால்தான் பென்ஷன். 1980-ல் அதை 43 நாளாகக் குறைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. மூன்றரை வருடம் ஆடியவர்கூட வெறுங்கையோடு நின்றார். 2011-லிருந்து அவர்களுக்கு வருடாந்திரத் தொகை ஒன்று கிடைக்கிறது, முழுப் பென்ஷன் இல்லை. இதைப் படித்த பிறகு ஐந்து டாலர் கேட்பவரிடம் எனக்கு வருத்தம் வருவதில்லை. கேட்டதைக் கொடுக்க விருப்பமில்லையென்றால் எழுதாமல் இருந்துவிடலாம், பேரம் பேச வேண்டாம்.

காத்திருப்பு

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், அனுப்பிய தேதி, என்ன கார்டு, திரும்பிய தேதி. பத்து நாளில் வருவதும் உண்டு, இரண்டு வருடம் கழித்து வருவதும் உண்டு. ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று இரண்டாவது கடிதம் போடாதீர்கள். முதல் கடிதம் அவர் மேசையில் குவியலுக்கு அடியில் இருக்கலாம்.

சில கவர்கள் மஞ்சள் ஸ்டிக்கரோடு திரும்பும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ‘புது முகவரிக்கு அனுப்ப இயலவில்லை’ என்றால் வீடு மாறிவிட்டார். முகவரி மாற்றம் கொடுத்திருந்தால் தபால் துறை பன்னிரண்டு மாதம்வரை புது வீட்டுக்குக் கடிதத்தை அனுப்பிவைக்கும், அதற்குப் பிறகு அவர் பணம் கட்டி நீட்டித்திருந்தால்தான். புது முகவரி தேடலாம். ‘பெற மறுத்தார்’ என்று இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வந்தது அசலா?

தபாலில் வந்த எல்லாமே அவர் கையால் போட்டது என்று நம்பிவிட முடியாது. உதவியாளர் போடுவது, வீட்டில் ஒருவர் போடுவது, இயந்திரம் போடுவது எல்லாம் நடக்கும். அவர் ஆடிய காலத்துக் கையெழுத்து, பத்து வருடத்துக்கு முந்தியது, போன மாதம் மற்றவர்களுக்கு வந்தது, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயதானவர் கையெழுத்து வரும்போதே சிறுத்து, நடுங்கி, எழுத்து குறைந்து வரும். எண்பத்தைந்து வயதுக்காரர் முப்பது வயதுக் கையெழுத்தைத் துல்லியமாகப் போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லோருக்கும் ஹார்மன் கில்லிப்ரூ மாதிரி எழுத்து அமையாது. 573 ஹோம் ரன் அடித்த அவர், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி கையெழுத்துப் போடுவார். மினசோட்டா ட்வின்ஸ் அணியில் புதிதாக வரும் பையன்களிடமும், வாசிக்கிற மாதிரிப் போடு என்று வற்புறுத்துவார். அந்த அணிக்காரர்கள் பலர் கையெழுத்து இன்றும் புரிகிறதென்றால் அவர்தான் காரணம்.

கடையில் வாங்குவதைவிடத் தபாலில் வாங்குவதை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 1990-களின் இறுதியில் சான் டியேகோவை மையமாக வைத்து எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்று பிடிபட்டது. அவர்கள் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது! அன்னை தெரசா பேஸ்பால் பார்த்தாரா என்று வாங்கியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இரண்டு டாலர் பெறுமான கையெழுத்துக்கு இருபது டாலர் சான்று வாங்குவதில் அர்த்தமில்லை. வந்த கவரை, அஞ்சல் முத்திரையோடு, கார்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சான்று போதும்.

கார்டை ஒன்பது அறை பிளாஸ்டிக் தாளில் வைத்து ஆல்பத்தில் கோத்துவிடலாம். பி.வி.சி. கலக்காத தாளாகப் பார்த்து வாங்குங்கள். சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரில் மாட்டினால் நான்கைந்து கோடையில் மை மங்கிவிடும். லாமினேட் செய்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பந்து, வெளிநாடு

பந்தில் வாங்க ஆசை வரும். கொஞ்ச நாள் பொறுங்கள். பந்து ஐந்து அவுன்ஸுக்கு மேல் எடை, பெட்டி வேண்டும், போகவும் வரவும் பார்சல் கட்டணம், அவர் வாசலில் இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடவேண்டிய சுமை வேறு. கார்டில் ஏற்கெனவே பதில் போட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். பந்துக்கு ஷார்ப்பி கூடாது, தோலில் ஊறிப் பரவிவிடும். நீல பால்பாயிண்ட்தான் வழக்கம். லோகோவுக்கு எதிர்ப்புறம் தையல் நெருங்கி வரும் குறுகலான இடத்தில் ஒரே கையெழுத்தாக வாங்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து எழுதுகிறவர்கள் தம் நாட்டு ஸ்டாம்பைத் திரும்பும் கவரில் ஒட்டிப் பயனில்லை, அங்கே அது செல்லாது. பன்னாட்டுப் பதில் கூப்பன் என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தபால் நிலையத்தில் கொடுத்து ஸ்டாம்பாக மாற்றிக்கொள்வது. அமெரிக்கத் தபால் துறை அதை விற்பதை 2013-லேயே நிறுத்திவிட்டது. பெரியவரைக் கூப்பனோடு தபால் நிலையத்துக்கு அலையவிடுவதும் நியாயமில்லை. அமெரிக்காவின் ‘குளோபல் ஃபாரெவர்’ ஸ்டாம்பை யாரிடமாவது சொல்லி வாங்கி ஒட்டலாம், ஒன்று ஒன்றே முக்கால் டாலருக்குப் பக்கத்தில் வரும். அதைவிடச் சுலபம், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைத் திரும்பும் கவரில் எழுதுவது. யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்துவிடுவார்கள். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

கார்டு வந்த அன்றே ஒரு போஸ்ட்கார்டில் நன்றி எழுதிப் போடுங்கள். ஸ்டாம்ப் விலையும் குறைவு. உங்கள் ஊர்ப் படம் போட்ட போஸ்ட்கார்டாக இருந்தால் நல்லது. அதில் இன்னொரு கையெழுத்து கேட்காதீர்கள், பதில் கவர் எதுவும் வைக்காதீர்கள்.